துண்டு நூலில் ஒரு போர்வை

இலங்கை மலைநாட்டு ரயில் பாதை நானுஓயாவை எட்டிய 1885ஆம் வருஷத்திலேதான், அமெரிக்காவின் சிகாகோ நகரிலிருந்து வெளிவந்த ‘பிரெய்ரி ஃபார்மர்’ என்னும் விவசாயப் பத்திரிகை, மிஞ்சிய கம்பளி நூல்களைச் சதுரம் சதுரமாகப் பின்னிப் போர்வையாகச் சேர்க்கும் முறையை அச்சிட்டது; ‘கிரானி ஸ்குவேர்’ என்று இன்று வழங்கும் குரோசேப் பின்னலுக்கு அச்சில் அறியப்பட்ட மிகப் பழைய சான்று அதுவே என்பர். இவ்விரண்டு சம்பவங்களுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. ஆயினும், கடல் மட்டத்துக்கு ஐயாயிரம் அடிக்கு மேலே, பகல் பன்னிரண்டு மணிக்கும் பனிமூட்டம் வாசலில் வந்து நிற்கும் நானுஓயாப் பகுதியின் லயத்துக் காம்பிராக்களுக்கும், காலைப் பிரட்டுக்கும் மாலை அடுப்புக்கும் நடுவே சிறுகச் சிறுகக் கிடைக்கும் ஓய்வுக்கும் இதைவிடப் பொருத்தமான கைவேலை வேறொன்றைச் சொல்வது கடினம். போர்வை எவ்வளவு பெரிதானாலும் கையில் இருப்பது எப்போதும் ஒரு சிறு சதுரமே. பாதியில் போட்டு எழுந்தாலும் கெடுவது ஒன்றுமில்லை.

நூல் விஷயத்தில் முதலில் நிதானம் வேண்டும். பருத்தி நூல் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும் சுபாவமுடையதாகையால் நம் குளிருக்கு உதவாது. நடுத்தரப் பருமனுள்ள கம்பளி நூலோ அக்ரிலிக் நூலோ எடுத்து, 4 மில்லிமீற்றர் குரோசே ஊசியை வைத்துக்கொள்வது உத்தமம். புது நூல் வாங்கச் சௌகரியப்படாதவர்கள், பழைய ஸ்வெட்டரைப் பிரித்தெடுக்கலாம். அதற்கு முன் அதை உட்புறமாகத் திருப்பி ஓரத் தையலைப் பார்க்க வேண்டும்: முன்பாகமும் பின்பாகமும் தனித்தனியே பின்னப்பட்டு, பிறகு நூலால் கோத்துச் சேர்த்திருந்தால் அது பிரிக்கத் தக்கது, ஓரத்தை வெட்டி ஓவர்லொக் அடித்திருந்தாலோ, ஒவ்வொரு வரியும் ஒரு முழத் துண்டாகவே கையோடு வரும், வீண் பிரயாசைதான். பிரித்த நூலை நாற்காலி முதுகில் சுற்றி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் அலசித் தொங்கவிட்டால் பழைய நெளிவு போய்விடும்.

கொழுந்து கிள்ளும் விரல்களில் வெடிப்பு இருப்பதால் நூல் அதில் சிக்கிக்கொண்டு இழைபிரியும். சிறிது தேங்காயெண்ணெயைத் தடவி, நன்றாகத் துடைத்துவிட்டு உட்கார்ந்தால் இத்தொல்லை குறையும்.

இனி அப்பியாசம். தெரிய வேண்டியவை மூன்றே: சங்கிலி, ஸ்லிப் ஸ்டிச், ட்ரெபிள். ட்ரெபிளுக்கு நூலை ஊசியில் ஒருமுறை சுற்றி, துவாரத்தில் ஊசியை நுழைத்து நூலை இழுத்து வந்தால் ஊசியில் மூன்று கண்ணிகள் நிற்கும். நூலைப் பற்றி முதலிரண்டின் வழியாக இழுத்து, மறுபடியும் பற்றி மிஞ்சிய இரண்டின் வழியாக இழுத்தால் முடிந்தது. இது பிரித்தானிய வழக்கு. அமெரிக்கப் புத்தகங்களில் இதே தையல் டபுள் குரோசே எனப்படும் என்பதை, அங்கிருந்து மாதிரி எடுப்பவர்கள் மறந்துவிடலாகாது.

நாலு சங்கிலி போட்டு, முதற் சங்கிலியில் ஸ்லிப் ஸ்டிச்சால் இணைத்து வளையமாக்குக. முதற் சுற்றுக்கு, ஒரு ட்ரெபிளுக்குப் பதிலாக மூன்று சங்கிலி போட்டு, வளையத்துக்குள் இன்னும் இரண்டு ட்ரெபிள் பின்னினால் ஒரு கட்டு ஆகும். அடுத்து மூலைக்கென்று இரண்டு சங்கிலி. பின்பு மூன்று ட்ரெபிள், இரண்டு சங்கிலி என்று நாலு கட்டும் நாலு மூலையும் ஆனவுடன், தொடக்கத்துச் சங்கிலியின் உச்சியில் ஸ்லிப் ஸ்டிச்சால் மூடுக. இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு மூலைத் துவாரத்திலும் மூன்று ட்ரெபிள், இரண்டு சங்கிலி, மூன்று ட்ரெபிள். மூன்றாம் சுற்றில் மூலைகளில் அதே பிரகாரம் செய்து, பக்கங்களில் கட்டுக்கும் கட்டுக்கும் நடுவிலுள்ள துவாரத்தில் மூன்று ட்ரெபிள் மட்டும். இதற்கு மேல் எத்தனை சுற்றுப் போனாலும் புதிய சட்டம் ஒன்றும் கிடையாது. சுற்றுக்கு நாலு கட்டு கூடும், அவ்வளவே. மூன்றாம் சுற்றில் 12 கட்டு, ஐந்தாம் சுற்றில் 20 கட்டு என்று எண்ணிப் பார்த்தால் தவறு உடனே அகப்படும். சதுரம் கிண்ணம்போல் குழிந்தால் ஒரு மூலை விடுபட்டிருக்கும், அல்லது கை இறுக்கம்.

எப்போதும் ஒரே பக்கமாகவே பின்னிக்கொண்டு போனால் சதுரம் மெல்ல ஒருபுறம் திருகிச் சாயும். ஒவ்வொரு சுற்றும் முடிந்ததும் வேலையை மறுபுறம் திருப்பிக்கொள்வது இதற்குப் பரிகாரம். நிறம் மாற்றும்போது புது நூலைப் பழைய முடிச்சு இருக்கும் மூலையில் தொடங்காமல் வேறொரு மூலையில் தொடங்கி, இரண்டு வால்களையும் துவார ஓரத்தோடு படுக்கவைத்து அவற்றின் மேலேயே கட்டுகளைப் பின்னிவிட்டால், கடைசியில் நூறு வால்களை ஊசியால் செருகும் சலிப்பு மிச்சம்.

இந்த மூலைச் சட்டம் கைவந்தவர்க்கு மற்ற வகைகளெல்லாம் அதன் விகாரங்களே. எனக்குப் பிரியமானது சூரியச் சதுரம். ஆறு சங்கிலி வளையத்தில் 12 ட்ரெபிள். அடுத்த சுற்றில் அவற்றின் இடைவெளி ஒவ்வொன்றிலும் மூன்று ட்ரெபிள்களை, கடைசி இழுப்பை நிறுத்திவைத்து, எல்லாவற்றையும் ஒரே இழுப்பில் கூட்டி முடித்து, நடுவே இரண்டு சங்கிலி. மூன்றாம் சுற்றில் 12 துவாரங்களிலும் மும்மூன்று ட்ரெபிள். இதுவரை வட்டம். நாலாம் சுற்றில் ஒரு துவாரத்தில் மூலை, அடுத்த இரண்டில் குட்டையான அரை ட்ரெபிள் (ஊசியில் நிற்கும் மூன்று கண்ணிகளையும் ஒரே இழுப்பில் முடிப்பது) மும்மூன்று, பின்னும் மூலை என்று சுற்றிவர, வட்டம் தானே சதுரமாகும். மஞ்சளில் தொடங்கிச் செம்மஞ்சளுக்குப் போய்க் கரும்பச்சையில் முடித்தால் கண்ணுக்கு விசேஷம்.

துவாரமே இல்லாத நிரப்புச் சதுரம் இன்னொன்று: பக்கத்தில் ஒவ்வொரு தையலின் தலையிலும் ஒரு ட்ரெபிள், மூலையில் மட்டும் இரண்டு ட்ரெபிள், இரண்டு சங்கிலி, இரண்டு ட்ரெபிள். ஒரு பக்கத்தில் முதலில் 3, பின் 7, 11, 15 என்று நந்நான்காகக் கூடும். நூல் அதிகம் தின்னும்; ஆனால் பச்சைக் குழந்தைக்குப் பின்னுவோர் இதையே பின்ன வேண்டுமென்பது என் அபிப்பிராயம். துவாரச் சதுரத்தில் சிறு விரல்கள் நுழைந்து சிக்கும். தளர்ந்த வால் நூல் விரலைச் சுற்றிக்கொண்டால் ஆபத்து. துவாரப் போர்வை அப்பாயியின் முழங்காலுக்கு ஆகட்டும்.

ஐந்து சுற்றுச் சதுரம் சுமாராக ஐந்து அங்குலம் வரும். அகலத்தில் 6, நீளத்தில் 8 என்று 48 சதுரம் சேர்த்தால் 30 அங்குலத்துக்கு 40 அங்குலம், தொட்டில் போர்வைக்குப் போதும். பலர் கூடிப் பின்னுவதும் இதில் சாத்தியமே: சென்னையில் 2016 ஜனவரி 31ஆம் தேதி, சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய ‘மதர் இந்தியாஸ் குரோசே குவீன்ஸ்’ குழுவினர், பலர் கையால் ஆன பகுதிகளைச் சேர்த்து 11,148.5 சதுர மீற்றர் போர்வை விரித்துக் கின்னஸ் சாதனை படைத்தனர். ஆனால் ஒரே ஊசியும் ஒரே நூலும் தந்தாலும் ஒருத்தி கை இறுக்கம், மற்றொருத்தி கை தளர்வு; ஆகையால் எல்லாரும் சுற்றை எண்ணுவதோடு நில்லாமல், அட்டையில் வெட்டிய ஒரே அளவுச் சதுரத்தின் மேல் வைத்துப் பார்த்து, தேவையானால் ஊசியை மாற்றிக்கொள்ள வேண்டும்.

சேர்ப்பதற்கு, இரண்டு சதுரங்களின் நல்ல பக்கங்களை ஒன்றோடொன்று வைத்து, வெளிக்கண்ணிகளை மட்டும் பிடித்துத் தையலூசியால் சுற்றித் தைப்பது எளிய வழி. மாலையில் விளக்கொளி மங்கலான வீட்டுக்கு வேறொரு வழி மேல்: இரண்டாவது சதுரத்தின் கடைசிச் சுற்றிலேயே, மூலையின் இரண்டு சங்கிலிக்குப் பதிலாக ஒரு சங்கிலி, பக்கத்துச் சதுரத்தின் மூலையில் ஒரு ஸ்லிப் ஸ்டிச், மறுபடி ஒரு சங்கிலி என்று போட்டு, ஒவ்வொரு கட்டின் பின்னும் அடுத்த சதுரத்தின் துவாரத்தில் ஒரு ஸ்லிப் ஸ்டிச்சால் பிடித்துக்கொண்டே போகலாம்.

முடிந்த போர்வையை நனைத்து, பிழியாமல் துவாலையில் சுருட்டி அழுத்தி, சமமாக விரித்து ஓரங்களைக் குண்டூசியால் நிறுத்தி உலர்த்துக. மழைக்காலத்தில் இரண்டு மூன்று நாள் பிடிக்கும். அவசரப்பட்டு அடுப்புக்கு மேலே தொங்கவிட்டால் புகைநாற்றம் ஏறும், அக்ரிலிக்கின் மேல் இஸ்திரிப்பெட்டி வைத்தாலோ நூல் உயிரற்றுத் தொய்ந்துபோய்ப் பின் எதனாலும் மீளாது.