குடியை விட விரும்புவோரின் கூட்டம்

நான் குருவாகிய புதிதில் வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் தங்கியிருந்த ஒருவரைச் சந்தித்தேன். வலிகாமம் வடக்கில் செம்மண் தோட்டம் செய்தவர், 1990இல் இடம்பெயர்ந்தவர். மண்வெட்டி பிடித்த கைக்குக் கொழும்பில் வேலை இல்லை. விடிந்தால் என்ன செய்வது என்பதே அவருக்குப் பெரிய கேள்வி. காலை பத்து மணிக்கு முன்பே குடிக்கத் தொடங்கிவிடுவார். மனைவி என்னிடம் வந்து அழுதார். நான் ஒரு செவ்வாய்க்கிழமை அவரைக் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குக் கூட்டிச் சென்று, இனி வாழ்நாளில் தொடேன் என்று சத்தியம் செய்வித்தேன். ஒன்பதாம் நாள் குடித்துவிட்டார். பிறகு காலி வீதியில் என்னைக் கண்டால் மறுபக்கம் போய்விடுவார்.

வாழ்நாள் முழுவதற்குமான பாரத்தை ஒரு நோயாளியின் தலையில் வைத்துவிட்டு, மறுநாளே அவரைத் தனியே விட்டது என் பிழை. சத்தியம் முறிந்தபின் அவர் என்னிடம் வருவதற்கே வழியில்லாமற் போயிற்று. முறிந்த பின்னும் போகக்கூடிய ஓர் இடம் வேண்டும்.

1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் குடியால் நொந்த இருவர் சந்தித்தனர். ஒருவர் பங்குச் சந்தையில் தொழில் செய்தவர், மற்றவர் சத்திரசிகிச்சை வைத்தியர். ஒருவர் கதையை மற்றவர் கேட்டால் அன்றைய பொழுதைக் குடியாமல் கழிக்கலாம் என்று கண்டனர். அதிலிருந்து வளர்ந்ததே 'அல்கஹோலிக்ஸ் அனோனிமஸ்', சுருக்கமாக ஏ.ஏ. அங்கே வாழ்நாள் சத்தியம் இல்லை. இன்று ஒருநாள் மட்டும். இது வெறும் ஆறுதல் பேச்சு என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: 2020இல் 27 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விபரங்களை, ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். தொடர்ந்து குடியாதிருப்பதில், இவ்வழிக்கு முறையாக ஆற்றுப்படுத்தப்பட்டவர்கள் வேறு சிகிச்சை பெற்றவர்களை விட மேலான பலன் கண்டிருந்தனர்.

ஆனால் தினமும் அதிகம் குடிப்பவர் கூட்டத்துக்கு முன் வைத்தியரிடம் போகவேண்டும். திடீரென நிறுத்தினால் முதலில் கைநடுக்கம், வியர்வை. இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். பின்னர் புத்தி தடுமாறி, இல்லாதவை கண்ணுக்குத் தெரியலாம். உயிரும் போகலாம். அறைக்குள் பூட்டிவைத்து நிறுத்தப் பார்க்கும் வழக்கம் எங்கள் சனத்திடம் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அரசாங்க வைத்தியசாலையில் இதற்கான சிகிச்சை இலவசம்.

கூட்டத்தை எப்படித் தேடுவது? தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 இலக்கத்துக்கோ, அங்கொடை தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கோ அழைத்துக் கேட்கலாம். 1974இல் தொடங்கிய சுமித்ரயோ அமைப்பின் 'மெல் மெதுர' கொழும்பு 7இல் குடிநோயாளருக்கும் குடும்பத்துக்கும் உதவுகிறது. ஏ.ஏ. கூட்டம் எங்கே, எந்நாள், எம்மொழியில் என்று கேளுங்கள். நாளும் இடமும் மாறும். புறப்படுமுன் மீண்டும் ஒருதரம் விசாரியுங்கள்.

பலரைத் தடுப்பது வெட்கம். வெள்ளவத்தையில் ஒழுங்கைக்கு ஒழுங்கை ஊராள் நிற்கிறார், கொட்டாஞ்சேனையிலும் அப்படித்தான். "எங்கடை ஆக்கள் கண்டால் மகளின்ரை கலியாணம் என்னாகும்?" என்று ஒரு தாய் என்னிடம் கேட்டார். தவறணை வாசலில் கண்ட ஊராள் கூட்டத்து வாசலிலும் காணட்டுமே என்று எனக்குச் சொல்லத் தோன்றியது; சொல்லவில்லை. அவரது பயம் நியாயமானது. அதற்காகத்தான் அங்கே முழுப்பெயர் கேட்பதில்லை. அங்கே கேட்டதை வெளியே பேசுவதுமில்லை. உங்கள் தெருவுக்குத் தூரமான கூட்டத்தைத் தெரிந்துகொள்வதிலும் தவறில்லை.

கட்டணம் கிடையாது. குடியை விடவேண்டும் என்ற விருப்பம் ஒன்றே தகுதி. ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடார். பேச மனமில்லையென்றால் சும்மா இருந்து கேட்கலாம். கோவில் மண்டபத்தில் நடந்தாலும் அது கோவிலின் கூட்டமன்று. கடவுளை அவரவர் விளங்கிக்கொண்டவாறு கொள்ளலாம். திறந்த கூட்டத்துக்கு மனைவியும் போகலாம். மூடிய கூட்டம் குடியோடு போராடுபவர்களுக்கு மட்டும். குடும்பத்தினருக்கென 1951இல் தொடங்கியது அல்-அனோன். கணவனைத் திருத்தும் வித்தையை அது கற்பிப்பதில்லை. போத்தலை ஒளிப்பதிலும், கடன்காரனுக்குப் பொய் சொல்வதிலும் தேய்ந்துபோகும் மனைவி தன்னைக் காத்துக்கொள்ளப் பழகும் இடம் அது.

மொழி புரியாத கூட்டம் எதற்கு என்று கேட்பீர்கள். ஒரே நோக்கோடு இரண்டு, மூன்று குடிநோயாளர் கூடினாலே ஒரு குழு ஆகிவிடும் என்பது ஏ.ஏ.யின் மரபு. தமிழ்நாட்டில் சென்னையின் டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் 1989இல் மஞ்சக்குடிக் கிராமத்துக்கே சென்று முகாம் அமைத்து, விவசாயக் குடும்பங்களின் நடுவிலேயே சிகிச்சை நடத்தியது. கொட்டாஞ்சேனையில் ஓர் அறையில் நாலு கதிரை போட எம்மால் முடியாதா?

காலி வீதியில் மறுபக்கம் போனவர் இரண்டு வருடங்களின் பின் தானாகவே வந்தார். வைத்தியசாலையில் சில நாட்கள் வைத்திருந்தபின் கூட்டத்துக்குக் கூட்டிப்போனேன். அது மூடிய கூட்டம். நான் விறாந்தையில் இருந்தேன். உள்ளே சிங்களமும் ஆங்கிலமும், பாதிதான் விளங்கியதாம். "ஆனால் சுவாமி, அந்த மனுசன் கைநடுக்கத்தைப் பற்றிச் சொன்னது விளங்கினது. அடுத்த கிழமையும் இருக்காம்" என்றார். அதன்பின் இரண்டு தடவை குடித்தார். இரண்டு தடவையும், அடுத்த கிழமை அதே கதிரையில் போய் இருந்தார்.