செல்போன் சொல்லும் ஓசோன் கணக்கை நம்பலாமா?

"டாக்டரய்யா, இன்னைக்கு ராஜபாளையத்துல ஓசோன் ஜாஸ்தினு செல்போன் காட்டுது. இவனை விளையாட அனுப்பட்டுமா?" இரைப்பு உள்ள பிள்ளைகளின் தாய்மார்கள் இப்போது இப்படிக் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

வானத்தின் உயரத்தில் நமக்குக் குடை பிடிக்கும் அதே ஓசோன், நாம் சுவாசிக்கும் காற்றில் கூடினால் மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும். இருமல், நெஞ்சிறுக்கம், இரைப்பு அதிகமாகும். வண்டிப்புகையில் உள்ள நைட்ரஜன் வாயுக்களும், பெட்ரோல், பெயிண்ட், மரங்கள் ஆகியவற்றிலிருந்து எழும் ஆவிகளும் வெயிலில் சேர்ந்து சமைவதுதான் இது. அதனால் மத்தியானம் ஏறி, ராத்திரி இறங்கும். நம் நாட்டில் 2009-ல் வகுத்த வரம்பு, எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு கனமீட்டர் காற்றில் 100 மைக்ரோகிராம்.

செல்போனில் வருவது பல சமயம் கருவி அளந்தது அல்ல. கம்ப்யூட்டர் போட்ட கணக்கு. பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, காற்று, வெயில், புகை விவரங்களைக் கொடுத்துக் கணக்கிடுவார்கள். ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் உலகக் கணிப்பில் ஒரு கட்டம் சுமார் 40 கிலோமீட்டர். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான்! பஞ்சாலை, பஸ் ஸ்டாண்டு, ஆண்டாள் கோயில், மேற்கே மலைக்காடு எல்லாம் ஒரே எண்ணில் அடங்கிவிடலாம். வேடிக்கை என்னவென்றால், லாரி நெரிசல் உள்ள ரோட்டில் அந்தப் புகையே ஓசோனைத் தின்றுவிடும். காற்று போகிற திசையில் உள்ள தோப்புப் பக்கம்தான் அது கூடும். இவ்வளவு பெரிய கட்டத்துக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

சரி, கணக்கை எப்படிச் சோதிப்பது? கருவி அளந்ததோடு மணிவாரியாக ஒப்பிட வேண்டும். சராசரி மட்டும் பார்த்தால் ஏமாந்து போவோம். வெறும் வயிற்றில் சர்க்கரையைக் கூட்டியும், சாப்பிட்ட பிறகு குறைத்தும் சொல்கிற லேபில் சராசரி சரியாகத்தான் இருக்கும், நோயாளிதான் கெட்டுப்போவார். ராத்திரி மிகையாகவும் மத்தியானம் குறைவாகவும் சொல்கிற ஓசோன் கணக்கும் அப்படித்தான். இன்னொன்று, "நேற்றுபோலத்தான் இன்றும்" என்று குத்துமதிப்பாகச் சொல்பவரை அது ஜெயிக்க வேண்டும். ஜெயிக்காவிட்டால் அவ்வளவு பெரிய கம்ப்யூட்டர் எதற்கு?

2010-ல் டில்லி காமன்வெல்த் போட்டியின்போது புனே வெப்பமண்டல வானிலை நிறுவனம் 'சஃபர்' என்ற கணிப்பைத் தொடங்கியது. கூடவே கருவிகளையும் வைத்ததால் ஒப்பிட முடிந்தது. உலகக் கணக்குகளை இந்தியக் கருவிகளோடு வைத்துப் பார்த்த 2019 ஆய்வில், பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்குவதைப் பெரும்பாலும் சரியாகச் சொன்ன கணக்குகளே அளவை மிகையாகச் சொன்னது தெரிந்தது.

ஆகவே, ஏறுகிறதா இறங்குகிறதா என்பதற்குப் போனைப் பாருங்கள். எண்ணைப் பார்த்துப் பதறாதீர்கள். இரைப்புள்ள பிள்ளையை மத்தியானம் 12 முதல் 4 வரை வெயிலில் ஓடவிடாமல், காலையில் விளையாட விடுங்கள். ஆடாதோடைக் கஷாயம் நானும் கொடுப்பதுதான். ஆனால், போன் பச்சை காட்டுகிறதே என்று இன்ஹேலரை நிறுத்திவிடாதீர்கள். பேசவே மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ கஷாயம் காய்ச்ச உட்கார வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.