குடில் வீட்டைப் பேய் வீடாக்க
கிறிஸ்துமஸ் குடிலுக்காக மலிவு விலையில் விற்கப்படும் சிறு வீடுகளை, அக்டோபர் 31இல் வரும் ஹாலோவீனுக்கு மேல்நாட்டார் பேய் வீடுகளாக மாற்றிக்கொள்கின்றனர். திருவண்ணாமலை அருகே அடி அண்ணாமலையில் கொலு வைப்போர், படிகளுக்கு முன் அமைக்கும் ‘பார்க்’கில், மயானக் கொள்ளைக் காட்சிக்கு, அதாவது மேல்மலையனூர் அங்காளம்மன் மகாசிவராத்திரிக்கு மறுநாள் மயானத்துக்கு எழுந்தருளும் விழாவைக் காட்டுவதற்கு, அவற்றைப் பயன்படுத்தலாம். கூரையில் பனியாக ஒட்டியுள்ள பஞ்சை முதலில் நீக்கிவிட வேண்டும். வழவழப்பான பீங்கான் வீடாயின், உப்புத்தாளால் தேய்த்தாலன்றிப் பெயின்ட் பிடிக்காது. தெர்மகோல் வீட்டுக்கோ ஸ்ப்ரே பெயின்ட் அறவே ஆகாது, ஏனெனில் அதிலுள்ள கரைப்பான், அதாவது பெயின்டை நீர்க்கவைக்கும் திரவம், தெர்மகோலை அரித்துக் குழியாக்கிவிடும். கறுப்பு அக்ரிலிக் பெயின்டைப் பூசி, அது நன்கு காய்ந்தபின், சாம்பல் நிறத்தில் தோய்த்துத் துணியில் ஏறக்குறைய முழுதும் துடைத்தெடுத்த தூரிகையால் ஓட்டு விளிம்புகளையும் சன்னல் சட்டங்களையும் மட்டும் மேலோட்டமாக வருடினால், பல காலம் பாழடைந்து கிடந்த தோற்றம் வந்துவிடுகிறது. வேலையின் சூட்சுமம் இந்த ஒரு கட்டத்தில்தான் இருக்கிறது. சுவரடியில் ஃபெவிக்கால் தடவித் தேங்காய் நாரைத் தூவினால் புதர். சன்னலின் உட்புறம் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டி, பின்னால் எல்.இ.டி. சரவிளக்கை வைக்கலாம்; ஆனால் அட்டை வீட்டுக்குள் அகல் வைத்தால், காட்சி உண்மையிலேயே சுடுகாடாகிவிடும்.