எலி முன்பே தின்றது



உங்கள் ஆய்வுத் திட்டம் கிடைத்தது. பைக்கிலிருந்து விழுந்து தலையில் லேசாக அடிபட்டு, "வச்ச பொருள் வச்ச இடம் மறந்துபோகுது டாக்டர்" என்று வருகிறவர்களுக்கு வல்லாரையும் மஞ்சளின் குர்க்குமினும் கொடுத்துப் பார்க்க நினைக்கிறீர்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் கலிஃபோர்னிய ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட குர்க்குமின் எலி ஆய்வை இன்னொரு முறை படியுங்கள்.

எலியின் மண்டையோட்டில் சிறு துளையிட்டு, அதில் உப்புநீர்க் குழாயைப் பொருத்தி, மறுமுனையை ஊசல் குண்டால் அடிப்பார்கள். அந்த அழுத்தம் மூளையைத் தாக்கும். பிறகு அதை வட்டத் தொட்டியில் நீந்தவிட்டு, நீருக்கடியில் மறைந்திருக்கும் மேடையை எத்தனை நொடியில் கண்டுபிடிக்கிறது என்று பார்ப்பார்கள். குர்க்குமின் தின்ற எலிகள் நன்றாகத்தான் செய்தன. ஆனால் அவை அடிபடுவதற்கு முன்பே 4 வாரம் அதைத் தின்றவை! உங்கள் நோயாளியோ விழுந்த பிறகு வருகிறார். போதாததற்கு, வாய்வழி கொடுக்கும் குர்க்குமினில் ரத்தத்தில் சேர்வது மிகச் சொற்பம்.

நினைவுத்திறனுக்காகப் பேசப்படும் இன்னொரு மூலிகையான நீர்ப்பிரமியில் 12 வார மனித ஆய்வுகள் இருக்கின்றன, சிலவற்றில் நினைவுத்திறன் கூடியது. அவர்கள் தலையில் அடிபடாதவர்கள்.

விலங்கில் ஜெயித்ததை மனிதரிடம் கொண்டுவந்து கையைச் சுட்டுக்கொண்ட கதை இந்தத் துறையில் புதிதல்ல. புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் எலிகளின் மூளையைக் காத்தது. மிதமாகவோ கடுமையாகவோ அடிபட்ட நோயாளிகளிடம் நடந்த இரண்டு பெரிய சோதனைகளில், ஒன்றில் 882 பேர், இன்னொன்றில் 1195 பேர், எந்தப் பலனும் இல்லை என்று 2014-இல் முடிவு வந்தது. அது செடி மருந்தல்ல என்பீர்கள். எலிக்கும் மனிதருக்கும் உள்ள தூரம் செடிக்காகக் குறையுமா என்ன?

இன்னொரு சிக்கல். லேசான அடியில் பெரும்பாலோர் சில வாரங்களில் தாமாகவே தேறிவிடுகிறார்கள். ஒப்பீட்டுக் குழு இல்லாமல் வல்லாரை கொடுத்தால் அந்தத் தேறுதலும் வல்லாரையின் கணக்கில்தான் ஏறும். உங்கள் திட்டத்தில் அந்தக் குழுவைக் காணோம்.

அடிபட்ட அன்றே மருந்தைத் தொடங்கவும் வேண்டாம். மஞ்சள் சாறு ரத்தம் உறைவதைத் தடுக்கக்கூடும். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, மயக்கம் என்றால் மூலிகைப் பேச்சே வேண்டாம், உடனே சி.டி. ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

ஒப்பீட்டுக் குழுவைச் சேர்த்துத் திட்டத்தை மறுபடி எழுதுங்கள். முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே மருத்துவச் சோதனைகளுக்கான தேசியப் பதிவேட்டில் பதிவு செய்துவிடுங்கள். பலன் இல்லை என்று வந்தாலும் அதை வெளியிடுங்கள்.