பெர்ரி ஜூஸ் வாங்குறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடு

குடியிருப்போர் வாட்ஸ்அப் குரூப்பில் வந்த அசாய் பெர்ரி ஜூஸ் விளம்பரத்தை அனுப்பி, "அத்தைக்குச் சர்க்கரை இருக்கே, இதை வாங்கிக் கொடுக்கலாமா அக்கா?"ன்னு கேட்டிருந்தே. வேண்டாம். இன்னைக்கு அசாய், அடுத்த மாசம் வேற பேர்ல வேற பாட்டில் வரும். அதனால காரணத்தையும் தெரிஞ்சு வெச்சுக்கோ.

நாம சாப்பிட்டதை ஆக்சிஜனோட சேர்த்து எரிச்சுத்தான் செல்கள் சக்தி எடுக்குது. அப்போ துணை விளைவா ஃப்ரீ ராடிக்கல்கள் கொஞ்சம் உண்டாகும். பக்கத்துல இருக்கிற கொழுப்பு, புரதம், டி.என்.ஏ எதையும் அது விடாது. சிகரெட் புகை, கடும் வெயில், கட்டுக்குள்ள இல்லாத சர்க்கரை எல்லாம் அதைக் கூட்டும். உடம்பு சமாளிக்கிற அளவைத் தாண்டிட்டா அதுக்குப் பேர்தான் ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ். ஃப்ரீ ராடிக்கலை அடக்குற பொருள்தான் ஆன்டிஆக்ஸிடன்ட், அதைச் சொல்லித்தான் இந்த ஜூஸையெல்லாம் விக்கிறாங்க.

ஆனா சமாளிக்கிற வேலையில பெரும்பங்கை உடம்பே பார்த்துக்குது. சூப்பர்ஆக்ஸைடு டிஸ்மியூட்டேஸ்னு ஒரு என்சைம் இதுக்குன்னே செல்லுக்குள்ள இருக்குன்னு 1969-ல் மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும் கண்டுபிடிச்சாங்க. கேட்டலேஸ், குளூட்டாதயோன்னு அதுக்குத் துணைகளும் உண்டு. இன்னொண்ணு, ஃப்ரீ ராடிக்கல் முழுக்கக் கெட்டதும் இல்லை. வெள்ளை அணுக்கள் கிருமியைக் கொல்ல அதையும் பயன்படுத்துது. உடற்பயிற்சி செய்யும்போது வர்ற ஃப்ரீ ராடிக்கல்தான் 'இன்னும் பலமாகு'ன்னு தசைக்குச் சேதி சொல்லுது. 2009-ல் ஜெர்மனியில ஓர் ஆய்வு நடந்தது. உடற்பயிற்சி செஞ்சவங்கள்ல சிலருக்கு ஆன்டிஆக்ஸிடன்ட்களான வைட்டமின் சி, ஈ மாத்திரைகளை நிறையக் கொடுத்தாங்க. மாத்திரை சாப்பிட்டவங்களுக்கு, உடற்பயிற்சியால இன்சுலின் நல்லா வேலை செய்யணும்ங்கிற அந்தப் பலனே கிடைக்கலை. ஃபின்லாந்துல புகைபிடிக்கிற ஆண்களுக்கு பீட்டா கரோட்டின்ங்கிற ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை கொடுத்துப் பார்த்த ஆய்வோட முடிவு 1994-ல் வந்தது. நுரையீரல் புற்றுநோய் குறையலை, கூடியிருந்தது. 'எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது'ங்கிற கணக்கு இங்கே செல்லாதுடா.

விளம்பரத்துல ஆன்டிஆக்ஸிடன்ட் திறனைக் காட்டுற 'ஓராக்' மதிப்புன்னு ஆயிரக்கணக்குல ஒரு எண் போட்டிருந்தா அதை நம்பிடாதே. அது சோதனைக் குழாய்ல அளந்தது. அந்த எண்களைப் பட்டியல் போட்டு வெளியிட்ட அமெரிக்க வேளாண் துறையே, உடம்புக்குள்ள நடக்கிறதை அது காட்டலைன்னு 2012-ல் பட்டியலைத் திரும்ப எடுத்துக்கிச்சு. பெர்ரிக்கு நீல ஊதா நிறம் கொடுக்கிற ஆந்தோசயனின், குடிச்ச வடிவத்துல ரத்தத்துக்குப் போறது ரொம்பக் கொஞ்சம். மிச்சத்தைக் குடல்ல இருக்கிற நுண்ணுயிர்கள் உடைச்சு வேற பொருளா மாத்திடும். பழம் சாப்பிட்டதும் ரத்தத்தோட ஆன்டிஆக்ஸிடன்ட் அளவு ஏறுறதைக்கூட ஆப்பிளை வெச்சு ஆராய்ஞ்சிருக்காங்க. பழத்துல இருக்கிற ஃப்ரக்டோஸ் சர்க்கரையால யூரிக் அமிலம் கூடுது, அதுதான் அந்த ஏற்றத்துக்கு முக்கியக் காரணம்னு 2004-ல் தெரிய வந்தது. கவுட் மூட்டுவலி இருக்கிறவங்க குறைக்கப் பாடுபடுற அதே யூரிக் அமிலம்!

இனி அத்தை விஷயம். பெரும்பாலான பழ ஜூஸ்ல ஒரு டம்ளருக்கு, அதாவது 200 மில்லிக்கு, சுமார் 20 கிராம் சர்க்கரை இருக்கும். அஞ்சு டீஸ்பூன். சர்க்கரையே சேர்க்காம பிழிஞ்சாலும் இதே கதைதான், ஏன்னா பழத்தோட சொந்தச் சர்க்கரை அப்படியே இருக்கும், நார்ச்சத்து மட்டும் சக்கையோட போயிடுது. ஹார்வர்டு ஆய்வாளர்கள் 1,87,382 பேரோட விவரங்களை வெச்சு 2013-ல் ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. புளூபெர்ரி, திராட்சை, ஆப்பிளை முழுசா சாப்பிட்டவங்களுக்குச் சர்க்கரை நோய் வர்ற வாய்ப்பு குறைவா இருந்தது, ஜூஸ் குடிச்சவங்களுக்கு அதிகமா இருந்தது. இது நேரடிக் காரணம்னு நிரூபிக்கிற ஆய்வு இல்லைதான். ஆனாலும் வீட்டுல எதை வாங்கி வைக்கலாம்னு முடிவெடுக்க இது எனக்குப் போதும்.

அதனால அத்தைக்குப் பழத்தைப் பழமாவே கொடு. ஆடி மாசம் தள்ளுவண்டியில நாவல்பழம் வரும்போது, வெடிக்காததா, கெட்டியா, நல்ல கருநிறமாப் பார்த்துப் பொறுக்கு. உப்புத் தண்ணியில அலசி ஒரு கைப்பிடி கொடு. அசாய்ல இருக்கிற ஆந்தோசயனின் வகை நிறங்கள்தான் இதுலயும் இருக்கு. நாவல் சீசன் முடிஞ்சா கம்பம் பக்கத்துப் பன்னீர் திராட்சை. நிறம் முழுக்கத் தோல்ல இருக்கு, தோலைத் துப்பச் சொல்லாதே. இதுலயும் இனிப்பு உண்டு, அதனால இங்கேயும் அளவு ஒரு கைப்பிடிதான்.

ஜூஸாத்தான் வேணும்னு பிள்ளைங்க அடம் பிடிச்சா, கொட்டை எடுத்த நாவல் சதையைத் தண்ணி விட்டு அடிச்சு வடிகட்டாம கொடு. கொஞ்சம் எலுமிச்சை பிழிஞ்சா புளிப்புல நிறம் நல்லா நிக்கும். வாழைப்பழம் சேர்த்து அடிக்காதே. நறுக்கின வாழைக்காயைக் கறுக்க வைக்கிற என்சைம் பழத்துலயும் இருக்கு, அது பெர்ரியில இருக்கிற நல்ல பொருள்கள்ல சிலதை மிக்சியிலயே வீணாக்கிடும். ஒரு வயசு ஆகாத குழந்தைக்கு எந்தப் பழ ஜூஸும் வேண்டாம்.

நெல்லிக்காயும் கொடுக்கலாம், ஆனா அதுல இந்த ஊதா நிறம் கிடையாது. அதுல இருக்கிறது வைட்டமின் சியும் துவர்ப்பைக் கொடுக்கிற டானினும். வைட்டமின் சி சூட்டுலயும் காத்துலயும் குறையும், செம்பு பட்டா இன்னும் வேகமாக் குறையும். அதனால நெல்லி ஜூஸைச் செம்புப் பாத்திரத்துல ஊத்தி வைக்காம, அரைச்ச உடனே குடிச்சிடணும். எனக்குப் பிடிச்சது பச்சடிதான். பச்சை நெல்லிக்காயைத் துருவி, தயிர், பச்சை மிளகாய், உப்பு சேர்த்து, கடுகு தாளிச்சுக் கொட்டினா அத்தைக்கு மதிய சாப்பாட்டுக்கு ஆச்சு. நெல்லிக்காய் மலிவா கிடைக்கும்போது துண்டு போட்டு ஃப்ரீசர்ல வெச்சுக்கோ. தேன் நெல்லியை மட்டும் மிட்டாய்க் கணக்குல வை.

கடையில பாட்டில் எடுத்தா முன்பக்கப் படத்தைப் பார்க்காதே, பின்பக்கம் திருப்பு. எந்தப் பொருள் அதிகமோ அது முதல்ல இருக்கும். தண்ணி, சர்க்கரை, ஆப்பிள் கான்சன்ட்ரேட்னு போய், கடைசியில பெர்ரி வந்தா பாட்டிலை அங்கேயே வெச்சிடு. கான்சன்ட்ரேட்ல தண்ணி கலந்த ஜூஸுக்கு '100% பழச்சாறு'ன்னு லேபிள் போடக்கூடாதுன்னு 2024 ஜூன்ல இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ உத்தரவே போட்டிருக்கு.

ஜூஸை நம்பி அத்தை மாத்திரையை நிறுத்திடக் கூடாது, அதுதான் எனக்குப் பெரிய பயம். ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் சாப்பிடுறவங்க கிரான்பெர்ரி ஜூஸ் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட கேக்கணும். கீமோதெரபி, ரேடியேஷன்ல இருக்கிறவங்க ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை, பவுடர் எதுவா இருந்தாலும் கேக்காம தொடவே கூடாது. அடுத்த செக்கப்புக்கு அத்தையைக் கூட்டிட்டுப் போறப்போ, மாத்திரைச் சீட்டோட வீட்டுல இருக்கிற நாவல் கொட்டைப் பொடி, நெல்லி ஜூஸ் பாட்டில் எல்லாத்தையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டுப் போய் டாக்டர் மேசையில வெச்சுடு.