களைதல் என்னும் சொல்

களைதல் என்பதற்கு நீக்குதல் என்று மட்டும் பொருள் கூறுதல் போதாது. நெல் நிற்கக் கோரையைப் பிடுங்குவது களைதல். அரிசி களையுங்கால் தவிடும் தூசும் நீரோடு போகின்றன. அரிசி உலைக்குச் செல்கிறது. (கழுநீரும் வீணன்று, மாட்டுக்கு ஆகும்.) துயர் களைந்தால் மனிதன் எஞ்சுகிறான். எஞ்சுவது யாதுமில்லையேல் அது அழித்தலே.

நாம் வாழும் பவானிபூரில் வங்காளியர் அரிசியிற் கல் பொறுக்குவதையும் நல்லதைத் தெரிந்தெடுப்பதையும் 'பாச்சா' என்னும் ஒரே வினையாற் சொல்வர். நமது 'பொறுக்குதல்' என்பதும் அவ்வாறே இருபுறமும் நிற்கும்.

தம்மபதம் 356 முதல் 359 வரையுள்ள பாக்களில், வயலுக்குக் களை கேடு என்ற பகவன், மாந்தருக்குக் கேடாகச் சொன்னவை பற்று, பகை, மயக்கம், அவா என்னும் நான்கே. மனிதனைக் களை என்றாரில்லை. மகத நாட்டு ஏகநாலம் என்னும் ஊரில், உழுது விதைத்து உண்ணும்படி தம்மிடம் கூறிய பாரத்துவாசன் என்னும் பிராமணனுக்கு, தாமும் உழவரே என விடையளித்து, வாய்மையைத் தம் களையெடுப்பாகக் காட்டினார். இது சுத்தநிபாதத்தில் உள்ளது.

ஆதலின் வேண்டாதவரை வெளியேற்றுவதைக் 'களையெடுப்பு' என்று பத்திரிகைகள் எழுதுவதை நாம் ஏற்பதற்கில்லை. பிறப்பின் பேரால் ஒதுக்கப்பட்ட நாம் பிறரைப் புல்லென்று கூறுவதெங்ஙனம்? சங்கத்திலிருந்து ஒருவரை விலக்க நேரின், தீர்மானத்தில் 'நீக்கம்' என்றே எழுதுவோம். அவர் செய்த பிழை இன்னதென்பதையும் உடன் எழுதுவோம்.