தெளிப்பான் பேட்டரியில் சார்ஜ் ஏறவில்லையா? கழிக்குமுன் சோதித்துப் பாருங்கள்

முதுகில் சுமந்து மருந்து அடிக்கும் பேட்டரி தெளிப்பான் இன்று சிறு விவசாயிகள் பலரிடம் இருக்கிறது. கைப்பிடியை இடைவிடாமல் அடித்து இயக்கும் பழைய தெளிப்பானைவிட இதில் உழைப்பு குறைவு. மருந்தும் சீராக விழும். ஆனால் வேண்டிய நாளில் ஓடாமல் காலை வாருவதும் இதுதான். மக்காச்சோளத்தில் படைப்புழு தென்பட்டால், புழு வளர்ந்து குருத்துக்குள் ஆழமாக இறங்குவதற்குள் மருந்து அடித்தாக வேண்டும். அந்த நேரத்தில், மூன்று மாதமாக மூலையில் கிடந்த தெளிப்பானை எடுத்து ஸ்விட்சைப் போட்டால் மோட்டார் ஓடுவதில்லை. இரவு முழுவதும் சார்ஜரில் போட்டும் பயனில்லை. "பேட்டரி செத்துப் போச்சு, புதுசு வாங்குங்க" என்று கடையில் சொல்லிவிடுகிறார்கள். அதற்கு ஆயிரம் ரூபாய் அளவில் செலவாகிறது, நாளும் வீணாகிறது.

இப்படிக் கழிக்கப்படும் பேட்டரிகள் எல்லாமே செத்தவை அல்ல. சிலவற்றில் பழுது பேட்டரியிலேயே இருக்காது. சில, நெடுநாள் சார்ஜ் இல்லாமல் கிடந்து மயங்கியவை. மீதிதான் உண்மையில் முடிந்துபோனவை. இம்மூன்றையும் பிரித்தறிய ஒரு சாதாரண மல்டிமீட்டரும், மோட்டார் வாகன உதிரிபாகக் கடையில் கிடைக்கும் 12 வோல்ட், 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றும் போதும்.

பச்சை விளக்கை நம்பக் கூடாது

சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்தால் ஏறுகிறது, பச்சை எரிந்தால் நிரம்பிவிட்டது என்றே பலரும் எண்ணுகிறார்கள். பெரும்பாலான சார்ஜர்களில் பச்சை விளக்குக்குப் பொருள், மின்சாரம் பேட்டரிக்குள் போகவில்லை என்பது மட்டுமே. நிரம்பினாலும் போகாது, ஒயர் அறுந்தாலும் போகாது, பேட்டரி அடியோடு இறங்கிவிட்டாலும் சார்ஜர் அதைப் பேட்டரி என்றே கண்டுகொள்ளாமல் பச்சையாகவே எரியும்.

ஆகவே முதலில் வெளியே உள்ளவற்றைப் பார்க்க வேண்டும். தெளிப்பானின் அடிமூடியைத் திறந்தால் பேட்டரியும் அதன் இரு முனைகளும் தெரியும். மருந்துத் தண்ணீர் கசிந்து முனைகளில் பச்சையாகவோ வெள்ளையாகவோ களிம்பு பிடித்திருப்பது மிகச் சாதாரணம். ஒயரைக் கழற்றி, ஆப்ப சோடா கரைத்த நீரில் நனைத்த துணியால் துடைத்து, உலர்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்து, திரும்பப் பொருத்தி வாசலின் தடவ வேண்டும். களிம்போடு பூச்சிமருந்தும் ஒட்டியிருக்கும் என்பதால் கையுறை அணிவது நல்லது. பிறகு, சிவப்பு ஒயரில் பியூஸ் இருந்தால் அது போயிருக்கிறதா என்றும், சார்ஜர் செருகும் துளை ஆடுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அடுத்து மல்டிமீட்டரை டி.சி. 20 வோல்ட் அளவில் வைத்து, பேட்டரியின் இரு முனைகளிலும் தொட்டு அளக்க வேண்டும். சார்ஜரை இணைத்து மறுபடி அளக்க வேண்டும். இணைத்தபின் அளவு கூடினால் சார்ஜரும் ஒயரும் சரி. கொஞ்சமும் கூடவில்லை என்றால் நல்ல பேட்டரி உள்ள அண்டை வீட்டுத் தெளிப்பானில் அதே சார்ஜரைப் போட்டுப் பார்க்கலாம், இரண்டு பேட்டரிகளும் ஒரே வகையாக இருந்தால். அங்கும் ஏறாவிட்டால் மாற்ற வேண்டியது சார்ஜரை; பேட்டரியை அல்ல.

அளவு சொல்லும் செய்தி

இத்தெளிப்பான்களில் பரவலாக உள்ளது 12 வோல்ட், 8 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரி. உள்ளே ஆறு அறைகள். ஒவ்வொன்றும் இரண்டு வோல்ட்டுக்குச் சற்று மேல் தரும். நிரம்பிய பேட்டரியை ஓர் இரவு சும்மா வைத்து அளந்தால் 12.7 முதல் 13 வோல்ட் வரை இருக்கும். 12.2 என்றால் பாதியளவு. 11.8-க்குக் கீழே போனால் காலி.

முழுக்கச் சார்ஜ் ஏற்றி, ஓர் இரவு கழித்தும் 10.5 வோல்ட் அளவிலேயே ஒரு பேட்டரி நின்றால், ஆறு அறைகளில் ஒன்று உள்ளுக்குள் ஒட்டிப்போய்விட்டது என்று பொருள். மற்ற ஐந்து அறைகளின் கூட்டுத்தொகைதான் அந்த அளவு. இதற்கு மருந்து கிடையாது. இதை எழுப்பித் தருவதாகச் சொல்பவரிடம் பணம் கொடுக்க வேண்டாம்.

சார்ஜ் ஏற்றுமுன்பே 4, 6, 8 வோல்ட் என்று காட்டுவதுதான் மயங்கிய பேட்டரி. பேட்டரி இறங்கும்போது ஈயத் தகடுகளின்மேல் ஈய சல்பேட் படிவது இயல்பே. உடனே சார்ஜ் ஏற்றினால் அது கரைந்துவிடும். மாதக்கணக்கில் விட்டால் படிவு இறுகிக் கெட்டியாகி மின்சாரத்தை உள்ளே விடாது. தகரக் கூரையின் கீழ் உள்ள மோட்டார் அறையில் வெப்பமும் சேர்ந்துகொள்வதால், பேட்டரி தானாக இறங்குவதும் வேகமாகும்.

எழுப்பும் முறை

இதற்கு நல்ல நிலையில் உள்ள இன்னொரு 12 வோல்ட் ஈய-அமில பேட்டரி வேண்டும். மற்றொரு தெளிப்பானின் பேட்டரியோ, வண்டியிலிருந்து கழற்றிய மோட்டார் சைக்கிள் பேட்டரியோ போதும். நல்லதன் நெகட்டிவ் முனையை மயங்கியதன் நெகட்டிவோடு நேராக இணைக்க வேண்டும். பாசிட்டிவையும் பாசிட்டிவையும் இணைக்கும் ஒயரின் நடுவே அந்த 21 வாட் பல்பு இருக்க வேண்டும். பல்பு இல்லாமல் நேராக இணைத்தால் மின்சாரம் வெள்ளம்போல் பாய்ந்து ஒயரைச் சுட்டுவிடும். பல்பு ஒரு மடை போல. இரண்டு ஆம்பியருக்கு மேல் விடாது. துருவம் மாறக் கூடாது. இணைக்குமுன் இருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

சில பேட்டரிகளில் பல்பு உடனே எரியும். மயங்கியது நிமிர நிமிர மங்கும். வேறு சிலவற்றில் முதலில் எரியவே எரியாது. படிவு கெட்டியாக இருப்பதன் அடையாளம் அது. ஒரு மணி, இரண்டு மணி பொறுத்துத்தான் மெல்லச் சிவக்கும். கால் மணிக்கு ஒருமுறை பேட்டரியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். வெதுவெதுப்பு பரவாயில்லை, கை வைக்க முடியாதபடி சுட்டால் உடனே கழற்றிவிட வேண்டும். இணைப்பில் இருக்கும்போது அளந்தால் நல்ல பேட்டரியின் வோல்ட்டும் கலந்து காட்டும். ஆகவே ஒயரைக் கழற்றிப் பத்து நிமிடம் கழித்து அளக்க வேண்டும். 11 வோல்ட்டுக்கு மேல் நின்றால் இந்த வேலை முடிந்தது. இனித் தெளிப்பானின் சொந்தச் சார்ஜரே அதை அடையாளம் கண்டுகொள்ளும். அதில் நிரம்பும்வரை விட வேண்டும்.

இதைக் காற்றோட்டமான திண்ணையிலோ மரத்தடியிலோ செய்ய வேண்டும். சார்ஜ் ஏறும் ஈய பேட்டரியிலிருந்து தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வெளிவரலாம். அருகில் பீடியோ அடுப்போ ஆகாது.

எழுந்த பேட்டரிக்கு எவ்வளவு உயிர் இருக்கிறது என்பதை வோல்ட் அளவு மட்டும் சொல்லாது. நிரம்பிய பேட்டரியின் இரு முனைகளிலும் அதே பல்பை நேராக இணைத்து எரியவிட்டு, 10.5 வோல்ட்டுக்கு இறங்கும்வரை ஆகும் நேரத்தைக் குறிக்க வேண்டும். அதற்குக் கீழே எரியவிட்டால் சோதனையே பேட்டரியைக் கெடுத்துவிடும். புது 8 ஆம்பியர்-மணி பேட்டரி ஏறத்தாழ 4 மணி நேரம் தாங்கும். 2 மணி என்றால் பாதி உயிர். அரை மணியிலேயே விழுந்தால் இரண்டு மூன்று முறை ஏற்றி இறக்கிப் பார்க்கலாம். தேறாவிட்டால் விட்டுவிட வேண்டியதுதான்.

பாதி உயிர் உள்ளதைக் கழிக்க வேண்டுமா? ஏக்கருக்கு 200 லிட்டர் கலவை என்றால் 16 லிட்டர் டேங்க்கில் பன்னிரண்டு, பதின்மூன்று டேங்க் ஆகும். வெறும் தண்ணீர் நிரப்பி ஓட்டிப் பார்த்து, அத்தனை டேங்க் வந்தால் ஒரு ஏக்கர்க்காரருக்கு அந்தப் பேட்டரி இன்னும் ஓராண்டுகூட உதவலாம். மூன்று ஏக்கர்க்காரர் புதிது வாங்குவதே மேல்.

சிலர் மேல்மூடியைப் பெயர்த்து உள்ளே தண்ணீர் ஊற்றுகிறார்கள். உலர்ந்துபோன பேட்டரி இதனால் சில மாதம் ஓடுவது உண்டு. ஆனால் வீட்டில் செய்யத்தக்க வேலை அன்று. உள்ளே இருப்பது கந்தக அமிலம், கண்ணில் தெறித்தால் பார்வை போகும். அனுபவமுள்ள மெக்கானிக் செய்தாலும் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே சில சொட்டுகள் விட வேண்டும். கிணற்று நீரும், கூடுதல் அமிலமும் ஆகாது.

லித்தியம் என்றால் இந்த முறை கூடாது

புதிய தெளிப்பான்கள் சிலவற்றிலும், கிளை வெட்டும் கத்தரி, புல்வெட்டி, துளையிடும் கருவி ஆகியவற்றிலும் உள்ளது லித்தியம் பேட்டரி. எடை குறைவாக இருக்கும். மேலே எழுதியும் இருக்கும். மேற்சொன்ன பல்பு முறையை இதில் செய்யவே கூடாது. ஈய பேட்டரியின் சார்ஜர் 14 வோல்ட்டுக்கு மேல் தரும். மூன்று செல் உள்ள லித்தியம் பேட்டரி தாங்குவது 12.6 வோல்ட்தான். சார்ஜரின் முள் பொருந்துகிறதே என்று மாற்றிச் செருகினால், காவல் அட்டை பழுதாக இருக்கும் பட்சத்தில் தீப்பற்றும்.

இதன் முனைகளில் மீட்டர் பூஜ்யம் காட்டினாலும் பேட்டரி செத்தது என்று முடிவு கட்டக் கூடாது. உள்ளே உள்ள காவல் அட்டை, செல்கள் மிகவும் இறங்கினால் இணைப்பைத் துண்டித்துவிடும். அதன் சொந்தச் சார்ஜரில் ஒரு மணி நேரம் போட்டால் சில தாமாகவே விழித்துக்கொள்ளும். விழிக்காவிட்டால் கடையில் கொடுத்து ஒவ்வொரு செல்லையும் தனியாக அளக்கச் சொல்ல வேண்டும். 2 வோல்ட்டுக்குக் கீழே நெடுநாள் கிடந்த செல்லின் உள்ளே தாமிரம் கரைந்து படிந்திருக்கும். சார்ஜ் ஏற்றினால் உள்ளுக்குள்ளேயே குறுக்கு இணைப்பு ஏற்படலாம். அதை எழுப்பவே கூடாது. உப்பிய பேட்டரியை, இனிப்பான மருந்து வாடை வரும் பேட்டரியை வீட்டுக்குள் வைக்காமல், வைக்கோற்போரிலிருந்து விலக்கி மணல் நிரப்பிய சட்டியில் வெளியே வைக்க வேண்டும்.

மயக்கம் வராமல் காக்கும் வழி எளிது. ஈய பேட்டரியை மருந்து அடித்த அன்று மாலையே சார்ஜில் போட வேண்டும். வேலை இல்லாத மாதங்களிலும் மாதம் ஒருமுறை ஏற்ற வேண்டும். லித்தியத்தைப் பாதிக்குச் சற்று மேல் ஏற்றி நிழலில் வைத்தால் சில மாதம் தாங்கும்.

முடிந்துபோன பேட்டரியைக் குப்பையிலோ வாய்க்காலிலோ போடக் கூடாது. ஈயம் மண்ணிலும் நீரிலும் சேர்ந்தால் குழந்தைகளையே அதிகம் தாக்கும். 2022-இல் மத்திய அரசு வெளியிட்ட பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்விப்பது உற்பத்தியாளரின் பொறுப்பு. ஈய பேட்டரிக்கு எடைக்கு விலை உண்டு என்பதால், புதிது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளக் கேட்கலாம்.